பற்றறி கழற்றாத இரவு

அந்தக் காரை நான் முதன்முதலில் பார்த்தபோது அது தென்னோலைகளுக்குள் மூடிக் கிடந்தது. அரியாலையில் ஒரு பெரிய மாமரத்தின் கீழே நிறுத்தி, போதாதென்று மேலேயும் ஓலை போட்டிருந்தார்கள். சண்டைக்காலம்; கண்ணாடி வெயிலில் மினுங்கினால் குண்டு போட வரும் விமானத்துக்குத் தெரிந்துவிடும் என்ற பயம். ஓலையை விலக்கிப் பார்த்தேன். ஜப்பான் கார். வெளிநாட்டுக்குப் போன ஒரு குடும்பம் விட்டுப்போனதை, வாடகைக்கு ஹயர் ஓடுவதற்காக அந்த ஊர்த் தம்பி ஒருவன் வாங்கியிருந்தான். என்னைக் கூப்பிட்டதும் அவன்தான்.

அப்போது பெற்றோல் வருவது அரிது. மண்ணெண்ணெயில் சிறிது பெற்றோலைக் கலந்துதான் எல்லோரும் ஓடினார்கள். மொரிஸ், ஒஸ்ரின் போன்ற பழைய கார்கள் அதைக் குடித்துவிட்டு இருமிக்கொண்டாவது ஓடும். இது அப்படியான கார் அல்ல. இதற்குள் எண்ணெயை அளந்து விடுவதற்கு ஒரு பெட்டி இருந்தது. மூளை என்று நாங்கள் சொல்லுவோம்.

"இதுக்கு என்ன செய்யுது?" என்று கேட்டேன்.

"நல்லா ஓடிக்கொண்டு வரும் அண்ணை. திடீரெண்டு ஆரோ கழுத்தைப் பிடிச்ச மாதிரி நிண்டிடும். இறங்கி பொனற்றைத் திறந்து ஒரு பீடி பத்தி முடிய, ஒண்டும் நடக்காத மாதிரி ஸ்ராட் வரும்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"இல்லை. அதுதானே கரைச்சல். நாலைஞ்சு நாள் பேசாமல் ஓடும். பேந்து ஒரு நாள் நிக்கும். எல்லாரும் மண்ணெண்ணெய்க் குணம் எண்டுதான் சொல்லுகினம்."

வேலிக்கு அந்தப் பக்கம் அவனுடைய வீடு. அவனுடைய மாமி, மனைவியின் தாய், வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் மனைவி. வயிறு நன்றாக இறங்கியிருந்தது. அவளைக் கண்டதும் நான் தலையைக் குனிந்து எஞ்சினைப் பார்க்கத் தொடங்கினேன். பெண்கள் நிற்கும் இடத்தில் எனக்குக் கை வேலை செய்யும், வாய் வேலை செய்யாது. கலியாணம் செய்யாமலே நாற்பதைத் தாண்டியதற்கு அதுவும் ஒரு காரணம்.

தம்பி என்னைச் சற்றுத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னான். அவர்களுடைய முதல் பிள்ளை தெருவில் பிறந்து தெருவிலேயே போய்விட்டது. அந்த நேரம் வாகனம் ஒன்றும் கிடைக்கவில்லை. யாரோ ஒருவருடைய லான்ட்மாஸ்ரர் உழவு மெஷினின் பெட்டியில் பாயை விரித்து ஏற்றிக்கொண்டு போனார்கள். பாதி வழி போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதன் பிறகுதான் அவன் தோட்டக்காணியை விற்று இந்தக் காரை வாங்கினான். ஹயர் ஓடுவது இரண்டாவது காரியம்.

"இந்த மாசத்துக்கை எண்டு டொக்டர் சொல்லியிருக்கிறார். மானிப்பாய்க்குத்தான் கொண்டு போகவேணும். உது வழியிலை நிண்டால் நான் என்ன செய்ய அண்ணை?"

பட்டணத்து ஆஸ்பத்திரிப் பக்கம் ஷெல் விழும் என்று எல்லோரும் பயந்த நாட்கள் அவை. மானிப்பாய் தூரம்.

இந்த வகைக் கார் எனக்குப் புதிதல்ல. அதற்கு முன்பு சில வருடங்கள் மஸ்கற்றில் ஒரு கராஜில் வேலை செய்தேன். அங்கே இருந்த மலையாளி போர்மன் பொனற்றுக்குள் ஒரு சிறிய கறுப்புப் பெட்டியைக் காட்டித் தந்திருந்தார். அதன் மூடியைத் திறந்தால் உள்ளே சின்னச் சின்ன ஓட்டைகள். அவற்றில் இரண்டை ஒரு துண்டு வயரால் தொடுத்துவிட்டுக் காரின் திறப்பைப் போட்டுத் திருப்பினால், ஸ்ரேறிங்குக்கு முன்னால் இருக்கும் மஞ்சள் லைற் மினுங்கும். மினுக்கத்தை எண்ண வேண்டும். ஒவ்வொரு எண்ணும் ஒவ்வொரு நோய். ஒரே சீராக நிற்காமல் மினுங்கிக்கொண்டிருந்தால் நோய் இல்லை. ஓட்டைகளுக்கு மேலே எழுதியிருந்த இங்கிலீசை எனக்கு வாசிக்கத் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. எந்த மூலை ஓட்டை என்பது கைக்குத் தெரியும். எண்களில் ஒரு சிலதுதான் ஞாபகம் இருந்தது.

வயரைத் தொடுத்தேன். லைற் ஒரே சீராக மினுங்கியது. நோய் இல்லை.

"என்ன சொல்லுது?" என்று தம்பி கேட்டான்.

"ஒண்டும் சொல்லேல்லை."

"நேற்றும் கொழும்புத்துறை றோட்டிலை நிண்டது அண்ணை!"

நான் பிளக்குகளைக் கழற்றித் துடைத்தேன். எண்ணெய் வடிகட்டியைக் கழுவினேன். ஒன்றும் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு கொழும்புத்துறையில் இருந்த என் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஒரு கிழமைக்குள் கார் மறுபடியும் நின்றது. மறுநாள் காலையில் போய் வயரைத் தொடுத்தேன். அதே சீரான மினுக்கம். வேலிக்கு மேலாக மாமியின் குரல் வந்தது.

"நாலு கராஜ்காரர் வந்து பாத்திட்டினம். அவை வாயாலையெண்டாலும் திருத்திச்சினம். இவர் வாயும் திறக்கிறாரில்லை. லைற்றைப் பாத்துக் கண்ணடிச்சுக்கொண்டிருக்கிறார்."

"அம்மா, சும்மா இருங்கோ," என்று மகள் சொன்னாள்.

"நான் சும்மாதான் இருக்கிறன். கார்தான் சும்மா இருக்குதில்லை."

கருவிகளை அவசரமாக அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். அதில் நட்டுக் கழற்றும் சாவி ஒன்று அங்கேயே விடுபட்டுவிட்டது. அதை எடுக்க வெயில் சாய்ந்த நேரம் திரும்பிப் போனேன். தம்பி அப்போதுதான் ஹயரால் வந்து காரை மாமரத்தின் கீழே விட்டிருந்தான். பொனற்றைத் திறந்தான். பற்றறியின் இரண்டு வயர்களையும் கழற்றினான். பற்றறியைச் சாக்குத் துண்டில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு மாமரம் நின்ற வளவின் சொந்தக்காரர் வீட்டுக்குள் போனான்.

அந்த நாட்களில் இதில் புதினம் ஒன்றும் இல்லை. கரண்ட் இல்லை. சின்னப் பற்றறிகள் கடைகளில் இல்லை. கார் வைத்திருந்தவர்களின் பற்றறி இரவில் வீட்டுக்குள் போகும், றேடியோவுக்கு. செய்தி கேட்பதற்குச் சுற்றியுள்ள வீடுகளெல்லாம் அங்கே கூடும். நானும் எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் அப்படிக் குந்தியிருந்து கேட்கிறவன்தான்.

ஆனால் அன்று அவன் பற்றறியோடு போவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. மஸ்கற்றில் வேலை முடிந்தபின் ஒரு முறை பற்றறியைக் கழற்றிப் பூட்டச் சொல்லுவார்கள். பழைய நோயின் எண் அழிந்துவிடும் என்பதற்காக. அங்கே யாரும் பற்றறியை இரவில் வீட்டுக்குள் கொண்டுபோவதில்லை. ஆகவே இங்கே அது எனக்கு மூளையில் படவில்லை. அந்தக் கார் தன் நோயை ஒவ்வொரு பொழுதும் மறந்துகொண்டிருந்தது. நான் காலையில் வந்து அதனிடம் விசாரித்துக்கொண்டிருந்தேன்.

தம்பி திரும்பி வந்ததும் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியாது. வழக்கத்தைவிடக் கூடக் கதைத்திருக்க வேண்டும். 

"அடுத்த முறை நிண்டால், அண்டைக்கு இரவு பற்றறியைக் கழட்டக்கூடாது. விடிய நான் வந்து பாக்கிறன். பொழுதுபட்டால் எங்கடை பக்கத்தாலை ஒருத்தரும் வெளிக்கிட ஏலாது, தெரியும்தானே."

"அண்ணை, அது மனேச்சர் விடமாட்டார்."

மனேச்சர் என்பது அந்த வளவுக்காரர். கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். றேடியோ அவருடையது. மாமரமும் அவருடையது. அந்தச் சுற்றில் ஒரு காரை மறைக்கக்கூடிய வேறு மரம் இல்லை. மரத்துக்குப் பற்றறி என்று யாரும் பேசி வைக்கவில்லை. ஆனாலும் அது அப்படித்தான் நடந்தது.

இரண்டு நாள் கழித்து கார் அரியாலைச் சந்தியில் நின்றது. அன்று நான் பக்கத்தில் ஒரு தண்ணீர் இறைக்கும் மெஷினைத் திருத்திக்கொண்டு இருந்தேன். ஆறியதும் காரை ஒரு கூட்டாளியிடம் கொடுத்து ஹயரை முடிக்க அனுப்பிவிட்டு, தம்பி என்னைப் பிடித்துக்கொண்டு போனான்; கார் திரும்பி வர இருட்டிவிடும், அதற்குமுன் நான் வீடு சேர வேண்டும். மனேச்சர் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். தம்பி விஷயத்தைச் சொன்னான். நான் அவனுக்குப் பின்னால் நின்றேன்.

"உமக்குப் பைத்தியமே?" என்று மனேச்சர் கேட்டார். "நேற்று முழுக்கக் கடல் பக்கம் வெடிச் சத்தம். என்ன நடக்குதெண்டு தெரியாமல் இருட்டுக்கை குந்தியிருக்கச் சொல்லுறீரே?"

எனக்கு ஒரு யோசனை இருந்தது. தம்பியின் காதுக்குள் சொன்னேன். அவன் அதை அவருக்குச் சொன்னான். "றேடியோவைக் காரடிக்குக் கொண்டு வந்தால், பற்றறியைக் கழட்டாமலே கேக்கலாம் எண்டு அண்ணை சொல்லுறார்."

"ஓகோ. செய்தி கேக்க நான் உம்மடை ஓலைக்குவியலுக்கை வந்து குந்தவேணுமோ? என்ரை வீட்டு ஹோலிலை இருந்து கேக்கிற றேடியோவை?"

"அப்படி இல்லை ஐயா..."

"வேறை எப்படி?"

 வேலிப் பொட்டின் இடைவெளிக்குள்ளால் தம்பியின் மனைவி வந்தாள். வரக்கூடிய நிலையில் அவள் இல்லை. ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி, மற்றக் கையால் விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, போன முறை லான்ட்மாஸ்ரருக்குப் பின்னாலை சைக்கிளிலை வந்தது நீங்கள்தானே?"

மனேச்சர் கதிரையில் நிமிர்ந்தார்.

"துணியிலை சுத்தித் தந்ததை வாங்கினதும் நீங்கள்தானே?"

"ஓம் பிள்ளை."

"இன்னொருக்கா அப்படி வாங்குவியளோ?"

நான் நிலத்தைப் பார்த்தேன்.  பிறகு மனேச்சர் செருமினார்.

"நான் ஒரு நாள் செய்தி கேளாட்டி சண்டை நிக்கப்போகுதே? எல்லாருக்கும் சொல்லிவிடும், இண்டைக்கு றேடியோக் கச்சேரி இல்லையெண்டு." எழுந்து உள்ளே போனவர் திரும்பி என்னைப் பார்த்தார். "கள்ளர் பற்றறியைக் கொண்டு போகாமல் நான் பாத்துக்கொள்ளுறன். ஆனால் விடிய உமது லைற் ஏதேனும் சொல்லவேணும், கண்டீரே."

விடிந்ததும் போனேன். மாமரத்தின் கீழே அவருடைய கதிரை கிடந்தது. அவர் சாரத்தை இழுத்துப் போர்த்துக்கொண்டு அதில் இருந்தார். தம்பியும் மனைவியும் மாமியும் வேலியருகே நின்றார்கள். வயரைத் தொடுத்துத் திறப்பைப் போட்டேன்.

லைற் ஒரு முறை மினுங்கியது. சற்று நின்றது. பிறகு நாலு முறை. நீண்ட நேரம் இருட்டு. மறுபடியும் ஒன்று, பிறகு நாலு.

பதினாலு. எனக்குத் தெரிந்த சில எண்களில் அது இருந்தது. பிளக்குகளுக்கு நெருப்பு அனுப்பும் சிறிய பெட்டி ஒன்று உண்டு. இக்னைற்றர் என்போம். அதனிடமிருந்து மூளைக்குப் போக வேண்டிய பதில் போகவில்லை என்பதுதான் பதினாலு. அந்தப் பெட்டி எஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்தது. கையை வைத்துப் பார்த்தேன், அப்போது குளிர்ந்திருந்தது. ஓடிச் சூடேறியதும் அது மயங்குகிறது. ஆறியதும் எழும்புகிறது. பீடி பற்றி முடிய ஸ்ராட் வருவது அதனால்தான். மண்ணெண்ணெய் கூடுதலாகச் சூடேற்றியிருக்கலாம். ஆனால் நோய் மண்ணெண்ணெய் அல்ல.

தம்பியின் முகம் மலர்ந்தது. "அப்ப புதுசு போட்டால் சரிதானே?"

"புதுசு எங்கை இருக்கு?"

அவன் முகம் மறுபடியும் விழுந்தது. கொழும்பிலிருந்து அப்படியான சாமான் வர வழியில்லை. நோய் தெரிந்துவிட்டது, மருந்து இல்லை. எனக்கு அந்த எண்ணைக் காணாமலே இருந்திருக்கலாம் போல இருந்தது.

யோசித்துவிட்டு, அந்தப் பெட்டியை எஞ்சினிலிருந்து தள்ளிக் காற்றுப் படும் இடத்துக்கு, முன் வலைக்குப் பின்னால், கொண்டுபோவது என்று தீர்மானித்தேன். சூட்டை உறிஞ்சுவதற்கு ஒரு தகடும் வேண்டும். அலுமினியமாக இருந்தால் நல்லது.

மாமி உள்ளே போய்ச் சோற்றுப் பானை மூடியைக் கொண்டு வந்தார். "இது போதுமோ? கார் சோறு காய்ச்சப் போகுதோ தெரியாது, என்ரை பானை இனி வாயைப் பிளந்துகொண்டுதான் இருக்கும்."

அன்று முழுவதும் அந்த வேலைதான். பற்றறியைக் கழற்றி வைத்துவிட்டுத் தொடங்கினேன். மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு இக்னைற்றரை அதில் இறுக்கினேன். வயர்கள் எட்டவில்லை. பழைய வயர்த் துண்டுகளை முறுக்கி நீட்டினேன். ஈயம் உருக்கி ஒட்டுவதற்காகக் கரியில் சூட்டுக்கோலைப் போட்டேன். பரிசோதிக்கப் பற்றறியை மறுபடி பூட்டி, எஞ்சினை ஸ்ராட் செய்து, நிறுத்தினேன். அந்த நேரம்தான் வீட்டுக்குள்ளிருந்து மாமி கத்தினார்.

"தம்பி! தண்ணீர்க்குடம் உடைஞ்சிட்டுது! காரை எடு!"

"அண்ணை, முடிஞ்சுதோ?" என்றான் அவன்.

முடியவில்லை. வயர்கள் முறுக்கினபடி, ஒட்டாமல் கிடந்தன. சூட்டுக்கோல் இன்னும் சிவக்கவில்லை. "வெளிக்கிடுவம்," என்றேன். "நானும் வாறன்." ஒரு போத்தல் தண்ணீரும் ஈரத்துணியும் எடுத்துக்கொண்டேன்.

பின் சீற்றில் பாரம் கூடும், வயர் ஆடும் என்று நான் மாமியை ஏற்ற வேண்டாம் என்றேன். அதற்கு அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. ஆனாலும் இறங்கி நின்றார். மனைவி முன் சீற்றில் சாய்ந்து இருந்தாள், பின்னால் படுக்க முடியவில்லை என்றாள். நான் பின்னால், அவளுடைய சீற்றுக்கு நேர் பின்னால், முழங்காலில் போத்தலோடு.

நல்லூர்ப் பக்கத்தால் போனோம். நல்ல தெரு என்று ஒன்று இருக்கவில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் அந்த முறுக்கின வயர்கள் எனக்குள் ஆடின. அவள் வலி வரும்போது மூச்சைப் பிடித்து விடுவாள், சத்தம் போடமாட்டாள். தம்பி ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்ப்பான்.

"றோட்டைப் பாருங்கோ," என்பாள். "நான் ஓடப்போறதில்லை."

ஆனைக்கோட்டைக்குக் கிட்டப் போகும்போது வானத்தில் ஹெலிகொப்ரர் சத்தம் கேட்டது. தம்பி காரை ஒரு வேம்பின் கீழே விட்டான். தெருவில் வந்தவர்கள் சைக்கிள்களைப் போட்டுவிட்டு மதிலோடு ஒதுங்கினார்கள்.

"எஞ்சினை நிப்பாட்டாதையும்," என்றேன். நிறுத்தினால் வராமல் போகலாம். ஆனால் கார் நின்ற இடத்தில் நின்றால் காற்று இல்லை, பெட்டி சூடேறும். நான் இறங்கிப் பொனற்றைத் திறந்து ஈரத்துணியை மூடியின் மேல் போட்டுத் தண்ணீரைச் சிறிது சிறிதாக விட்டேன். வயரில் பட்டுவிடாமல் விட வேண்டும். மேலே சத்தம் சுற்றிக்கொண்டிருந்தது. தம்பி இறங்கி வந்து அவள் பக்கக் கதவைத் திறந்து அவளை இறக்கப் பார்த்தான். அவள் மறுத்துவிட்டாள். எஞ்சின் ஒரு முறை விக்கியது.  பிறகு சீராக ஓடியது.

பொனற்றுக்கு அந்தப் பக்கமிருந்து அவளுடைய குரல் கேட்டது. "அண்ணை, உந்த மஞ்சள் லைற் பத்தினால் உங்களுக்குச் சொல்லவேணுமோ?"

"ஓம் தங்கச்சி."

"சரி. நான் பாத்துக்கொண்டிருக்கிறன்."

அவ்வளவுதான் நாங்கள் கதைத்தது. சத்தம் தூரப் போனது. பொனற்றை மூடிவிட்டு ஏறினேன்.

மானிப்பாயில் அவளை உள்ளே கொண்டுபோனார்கள். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உடனே வெட்டி எடுக்க வேண்டும் என்று ஒரு தாதி வந்து சொன்னார். தம்பி ஒரு கடதாசியில் கையெழுத்து வைத்தான். பிறகு திறப்பை என் கையில் தந்தான்.

"காரை வீட்டை கொண்டு போங்கோ அண்ணை. விடிய மாமியைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. நான் இஞ்சை நிக்கிறன்."

தனியே ஓட்டிக்கொண்டு வந்தேன். பொழுது சாய மாமரத்தடிக்கு வந்து சேர்ந்தபோது, செய்தி கேட்க வழக்கமாக வருகிறவர்கள் எல்லோரும் அங்கே நின்றார்கள். மனேச்சரின் கதிரையும் மரத்தின் கீழே இருந்தது. நான் இறங்கியதும் சுற்றி நின்றுகொண்டார்கள். அத்தனை பேர் என் வாயைப் பார்த்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

"பிள்ளை குறுக்கை கிடக்குதாம். வெட்டப்போகினமாம்," என்றேன். "அதுக்குப் பிறகு எனக்குத் தெரியாது."

மாமி நிலத்தில் குந்திவிட்டார். நான் அந்த இடத்து வழக்கப்படி பொனற்றைத் திறந்து, கழற்றுவதற்காகப் பற்றறியில் கை வைத்தேன்.

"அதிலை தொடாதையும்," என்றார் மனேச்சர். "விடிய ஓடவேணும்."

யாரும் றேடியோவைப் பற்றிக் கேட்கவில்லை. அன்று நான் வீட்டுக்குப் போகவும் இல்லை.

விடிந்ததும் மாமியை ஏற்றுவதற்கு முன், ஏனென்று தெரியாமல், வயரைத் தொடுத்துப் பார்த்தேன். ஒன்று, பிறகு நாலு. வேலை தொடங்கும்போது பற்றறியைக் கழற்றியதில் பழைய எண் அழிந்துவிட்டது. ஆகவே இது நேற்று ஓடும்போது விழுந்த எண். வழியில் எங்கேயோ அது மயங்கியிருக்கிறது. நிற்காமல் எழும்பியும் இருக்கிறது. மாமிக்கு நான் சொல்லவில்லை. சூட்டுக்கோலைக் கரியில் போட்டு, முறுக்கின வயர்களை ஒட்டிவிட்டுத்தான் புறப்பட்டேன்.

ஆஸ்பத்திரி வாசலில் தம்பி நின்றான். அவன் முகத்தைப் பார்த்து ஒன்றும் அறிய முடியவில்லை. கிட்டப் போனதும், "பெட்டைப்பிள்ளை," என்றான். "இருக்குது. அவளுக்குத்தான் இரத்தம் கூடப் போயிட்டுது. ஏத்திக்கொண்டிருக்கினம்."

மாமி உள்ளே ஓடினார். நான் வெளியே நிற்கத்தான் நினைத்தேன். அவள் வரச் சொன்னதாக மாமி திரும்பி வந்து இழுத்துக்கொண்டு போனார். அவள் வெள்ளைத் துணியைவிட வெளிறிப் போய்க் கிடந்தாள். பிள்ளை பக்கத்தில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. துணிக்குள் ஏதோ அசைந்தது. நான் கட்டிலின் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தம்பி மருந்து எடுக்கப் போகும்வரை அவள் பொறுத்திருந்தாள்.

"அண்ணை, அது ஒருக்கா பத்தினது."

"எவ்விடத்திலை?"

"வேம்படியிலை. நீங்கள் தண்ணி விட்டுக்கொண்டு நிக்கேக்கை. பத்தி, உடனை நூந்திட்டுது. நான் சொல்லேல்லை. சொன்னால் அவர் பயத்திலை எஞ்சினை நிப்பாட்டியிருப்பார்."

 எஞ்சின் விக்கிய அந்த ஒரு கணத்தில் பொனற்றுக்கு அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் நானும் அதைத் தெரிந்துகொண்டு பேசாமல் இருந்திருக்கிறோம்.

"இப்பவும் அந்தக் கணக்குத்தான் காட்டுதோ?" என்று கேட்டாள்.

"ஓம். ஆனால் விடிய வயரை ஒட்டிப்போட்டன்."

அவள் கண்ணை மூடினாள். பிறகு மூடினபடியே சொன்னாள். "நாங்கள் வீட்டை வந்து சேருமட்டும் பற்றறியைக் கழட்ட விடாதேங்கோ அண்ணை. மனேச்சர் மாமா கேட்டாலும்."

"கேக்கமாட்டார்," என்றேன்.

வெளியே வந்து பொனற்றைத் திறந்தேன். பானை மூடி இன்னும் சூடாக இருந்தது. போத்தலில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்து துணியை நனைத்தேன்.